தாயார் வேலை என்ற இடத்தில் நீ எழுதியது

ஐயா,

நேற்று மதியம் நீ கோலாலம்பூரிலிருந்து போன் செய்து, "அம்மா, அந்த டெஸ்ட்ட தள்ளிப் போட முடியுமான்னு கேட்டுப் பாருங்களேன்" என்றாய். நான் "பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். பார்த்துவிட்டேன். தள்ளிப் போட மாட்டேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடும். குரலைப் பதிவு செய்து அனுப்பினால் அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்கிறாய். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது, உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். அதனால்தான் எழுதுகிறேன். இதில் ஒரு பிரதியை எங்கள் பயிற்சி மையத்தில், புதிதாக வருகிறவர்கள் ஃபாரம் எழுதும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டப்போகிறேன். ஏன் என்று போகப் போகப் புரியும். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. அந்த அளவுக்கு உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

சுவரில் படிக்கப் போகிறவர்களுக்காக விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு அடுத்த சனிக்கிழமை பரிசம். பெண் வீடு ஜாசினில். நாங்கள் குருபோங்கிலிருந்து தட்டுகளோடு போக வேண்டும். நல்ல நேரம் காலை பத்தே முக்கால். அதே சனிக்கிழமை காலையில்தான் எனக்கு ஃபோர்க்லிஃப்ட், அதாவது சரக்குத் தூக்கும் வண்டி, ஓட்டும் சோதனை. எட்டு மணிக்கு ஆரம்பம், பட்டியலில் என் பெயர் பதினொன்றாவது. என் முறை வந்து முடிய எப்படியும் மதியம் ஆகும். சோதனை எடுக்கிறவர் வெளியூரிலிருந்து அன்று ஒரு நாள்தான் வருகிறார். நான் இத்தனை வருடமாகத் தரை கூட்டுகிற அதே தொழிற்சாலையின் ஸ்டோரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத் தேறினால் அந்த வேலை எனக்கு. இல்லையென்றால் வேறு ஒருவருக்கு. எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. அடுத்த தடவை என்று ஒன்று வரும், அதுவரை அந்த இடம் காலியாக இருக்கும் என்று நம்ப நான் சின்னப் பிள்ளை இல்லை.

நீ சொன்ன காரணங்களையும் விடாமல் எழுதுகிறேன், நியாயம் நியாயம்தான். "ஒங்களுக்கு எதுக்கும்மா இந்த வயசுல? நான்தான் சம்பாதிக்கிறேன் இல்ல? சும்மா வீட்டுல இருங்க லா" என்றாய். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்க வீட்டுல எல்லாரும் ஆபீஸ் வேலம்மா. நீங்க பூட்ஸ் போட்டுக்கிட்டு கோடவுன்ல வண்டி ஓட்டுறீங்கன்னு தெரிஞ்சா என்ன நெனப்பாங்க?" என்றாய். முதலில் சொன்னது பாசம். இரண்டாவது சொன்னது வெட்கம். பாசத்துக்கு நன்றி, நீ கொடுப்பதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வெட்கத்தை மட்டும் திருப்பித் தந்துவிடுகிறேன். அது என்னுடையது இல்லை. ஆனால் உனக்கு அதைக் கொடுத்தது நான்தான், அதைத்தான் இந்தக் கடிதத்தில் ஒத்துக்கொள்ளப் போகிறேன்.

பெண் வீட்டாருக்கு அனுப்புவதற்காக நீ கம்ப்யூட்டரில் அடித்த குடும்ப விவரத்தை எனக்கும் அனுப்பினாயே, அதைப் படித்தேன். அழகாக இருந்தது. உன் படிப்பு, உன் வேலை, உன் கார்கூட இருந்தது. கீழே அப்பா பெயருக்கு நேரே, காலமானார், முன்னாள் பாதுகாவலர் என்று இருந்தது. என் பெயருக்கு நேரே, தாயார் வேலை என்ற இடத்தில், இல்லை என்று இருந்தது. விடிந்ததும் பஸ் பிடித்து ஓடுகிறவளுக்கு வேலை இல்லை. எனக்குச் சுருக்கென்று இருந்தது. கோபத்தில் உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். எண்ணை அழுத்துவதற்குள் கை நின்றுவிட்டது. அந்த 'இல்லை'யை உனக்கு முன்னால் எழுதியது யார் என்று ஞாபகம் வந்துவிட்டது.

நாம் இருந்த தோட்டத்தை விற்றபோது உனக்கு எட்டு வயது. செம்பனை மரங்களை எல்லாம் தள்ளிவிட்டு வீடு கட்டப்போகிறார்கள் என்றார்கள். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பதினான்கு குடும்பம். அப்போது ஜாசினில் ஒரு மண்டபத்தில், வேலை போன தோட்டத்து ஆட்களுக்கு இலவசப் பயிற்சி கொடுக்கிறோம் என்று ஃபாரம் கொடுத்தார்கள். வண்டி ரிப்பேர், வயரிங், வெல்டிங், இன்னும் என்னென்னவோ. ஃபாரம் மலாய் மொழியில் இருந்தது. லயத்திலேயே பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் வரைக்கும் படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் எல்லாரும் ஐ.சி. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு தோட்டத்து ஆபீஸ் கிராணியார் மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.

பெயர், வயது, விலாசம் எல்லாம் சரியாகப் போயிற்று. 'வேலை அனுபவம்' என்ற இடம் வந்தது. சுவரில் படிக்கிற உங்களுக்கே தெரியும், தோட்டத்து ஆட்களுக்குக் காகிதம் என்றால் ஒரு பயம். எழுதினால் சாட்சி கேட்பார்கள், சாட்சி இல்லையென்றால் பொய் சொன்னாய் என்பார்கள், உள்ளதும் போய்விடும். எங்களில் யாரிடமும் ஒரு லெட்டர் கிடையாது. பாதிப் பேர் குத்தகைக்காரன் கீழே வேலை செய்தவர்கள், அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இருந்ததா என்றுகூடத் தெரியாது. விடியும் முன் பெரட்டுக்குப் போய்க் கைகட்டி நின்று பெயர் கூப்பிடக் கேட்டவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள், உதிரிப் பழம் பொறுக்கி இடுப்பு விட்டுப்போனவர்கள், மருந்து அடித்து நகம் கறுத்தவர்கள். இதெல்லாம் அனுபவமா என்று எனக்கே சந்தேகம். அனுபவம் என்றால் சட்டை போட்டுக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்தவர்களுக்கு இருப்பது என்று நினைத்தேன். அதனால் வம்பே வேண்டாம் என்று ஒருவர் விடாமல் எல்லாருக்கும் 'தியாடா' என்று எழுதினேன். இல்லை. பதினான்கு குடும்பத்துக்கும் என் கையால், என் முத்தான எழுத்தில், இல்லை, இல்லை, இல்லை.

உன் அப்பாவுக்கும் அதையே எழுதினேன். உன் அப்பா யார்? பதினெட்டு வருடம் தோட்டத்து டிராக்டர்களைப் பிரித்துப் பூட்டியவர். தூரத்தில் வரும் வண்டிச் சத்தத்தைக் கேட்டு, "அந்த வண்டிக்கு ரெண்டாவது இன்ஜெக்டர் போச்சு" என்று சோற்றில் கை வைத்தபடியே சொல்வார். பக்கத்துத் தோட்டத்து மானேஜர்கூடக் கார் அனுப்பிக் கூப்பிடுவார். அவர் ரிப்பேர் வகுப்புக்கு விண்ணப்பித்தார். சட்டையை நான்தான் இஸ்திரி போட்டேன். போய்விட்டு மதியத்துக்குள் திரும்பி வந்தார். "அது அனுபவம் உள்ளவங்களுக்குத்தானாம். எனக்கு இல்லன்னு பேப்பர்லயே இருக்காம். ஜாகா வேலைக்கு, கேட்டுக் காவலுக்கு, எடுத்துக்கிறாங்களாம்" என்றார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, "விடு, நீ தெரியாமலா எழுதியிருப்ப" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சாகும் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த நாளே திரும்பிப் போய், "நான் தப்பா எழுதிட்டேன், திருத்திக் கொடுங்க" என்று அந்த மண்டபத்தில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. படித்தவள் தப்பாக எழுதிவிட்டாள் என்று லயத்தில் பேசிவிடுவார்களே என்று பயந்தேன். என் மானத்துக்கு விலையாக அவருடைய தொழிலைக் கொடுத்தேன். இதை இதற்கு முன்னால் நான் யாரிடமும் சொன்னதில்லை.

குருபோங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் நீல உடுப்போடு கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு அவர் காலம் போயிற்று. உள்ளே போகும் லாரிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்திருந்திருப்பார். அதோடு நான் விட்டேனா? நீ பாடத்தில் கொஞ்சம் பின்தங்கினால் போதும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "படிக்கலன்னா அப்பா மாதிரி ஜாகா வேலதான் பாக்கணும்" என்று சொல்லுவேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். நீ படித்தாய். நன்றாகவே படித்தாய். கூடவே கையால் செய்கிற வேலையைப் பார்த்து முகத்தைச் சுளிக்கவும் படித்துக்கொண்டாய். அதற்கு நான்தான் வாத்தியார். ஆகவே என் பெயருக்கு நேரே நீ எழுதியதற்கு உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. திருத்தச் சொல்லத்தான் உரிமை இருக்கிறது.

இந்தப் பயிற்சிக்கு நான் போன கதையையும் கேள். "இதுக்கு முன்னாடியும் நெறைய கோர்ஸுக்குப் போனீங்களே, என்ன கிடைச்சது?" என்று நீ கிண்டல் செய்தாய். உண்மைதான். கேக் செய்யப் போனேன், சேலைக்கு மடிப்பு எடுக்கப் போனேன், மாலை கட்டப் போனேன். ஒவ்வொன்றும் ஒன்றரை நாள். கடைசியில் யாராவது ஒரு பெரியவர் வந்து சான்றிதழைப் பிடிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொள்வார், ஒரு பை கொடுப்பார்கள், உள்ளே பிஸ்கட் இருக்கும். கேக் சுடக் கற்றுக்கொடுத்தவர்கள் அடுப்புக்கு என்ன செய்வாய் என்று கேட்டதில்லை. வேலை எங்கே என்று நாம் கேட்டால், "நீங்களே பிஸினஸ் ஆரம்பிங்க அம்மா" என்பார்கள். இந்தப் பக்கத்து ஏழைப் பெண்பிள்ளைகள் எல்லாம் கேக் சுட்டால் அதைத் தின்ன ஆள் வேண்டாமா? மூன்று சான்றிதழும் அலமாரியில்தான் இருக்கின்றன. பேப்பர் நல்ல தடிமன், அதைக் குறை சொல்லக் கூடாது.

இந்த மையமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். ஃபாரம் கொடுத்தார்கள். பழைய வழக்கம் விடுமா, அனுபவம் என்ற இடத்தில் யோசிக்காமல் 'தியாடா' என்று எழுதி நீட்டினேன். அங்கே பதிவு பார்க்கிற பெண் லதா, உன் வயதுதான் இருக்கும், அதைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆண்ட்டி, இத்தன வருசமா வீட்டுலயே இருந்தீங்களா?"

"இல்லம்மா, தோட்டத்துல இருந்தேன். அப்புறம் ஃபேக்டரில கிளீனர்."

"அப்ப ஏன் இல்லன்னு எழுதியிருக்கீங்க?"

"லெட்டர் இல்லையேம்மா."

"லெட்டர நான் கேட்டேனா? என்ன செஞ்சீங்கன்னுதான கேட்டிருக்கு?" என்று சொல்லி அந்த வார்த்தையைக் குறுக்கே அடித்தாள். ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "காலைல எந்திரிச்சதுலேருந்து எழுதுங்க. என்ன தூக்குவீங்க, எவ்வளவு தூக்குவீங்க, யார்கிட்ட வேல வாங்குவீங்க, எல்லாம் வேணும்" என்றாள்.

எழுத ஆரம்பித்தேன். இரண்டு பக்கமும் நிறைந்துவிட்டது. ஸ்டோரில் எந்தச் சரக்கு எந்த வரிசையில் இருக்கும் என்று சூப்பர்வைசருக்கே நான்தான் காட்டிக் கொடுப்பேன் என்பதுகூட எழுதும்போதுதான் எனக்கே உறைத்தது. பாதியில் கண் மறைத்துக்கொண்டு வந்தது. லதா பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். என் கதைக்காக நான் அழவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? இந்த ஒரு தாளை அன்றைக்கு லயத்தில் பதினான்கு குடும்பத்துக்கும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துத்தான் அழுதேன். லதா அதோடு விடவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு என் தொழிற்சாலைக்கே வந்தாள். நான் துடைக்கிற தரையில் நின்றுகொண்டு, "இவங்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தா ஓட்ட வண்டி கொடுப்பீங்களா?" என்று மானேஜரிடம் கேட்டாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பார்த்துவிட்டுச் சரி என்றார்.

இந்த வகுப்பிலும் பதினான்கு பேர். பள்ளி முடித்து வேலை கிடைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள், கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறவள் இருக்கிறாள், எல்லாருக்கும் மூத்தவர் அறுபத்தொரு வயது ராமு அண்ணன். யார் தெரியுமா? நம் லயத்தில் கடைசி வீடு, லாரியில் குலை ஏற்றுவாரே, அவர்தான். முதல் நாளே என்னை அடையாளம் கண்டுகொண்டு, "தங்கச்சி, நீ எழுதுன தியாடா இருக்கே, அது என்னய விட்டுப் போகவே மாட்டேங்குது. இப்ப இங்கேயும் ஒன்கூட வந்துருச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். எனக்கு அங்கேயே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். "சும்மா இரு தங்கச்சி, ஒன்ன மாதிரி எழுதிக் கொடுக்கக்கூட அன்னிக்கு வேற யாரு இருந்தா?" என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், நீ ஒருநாளும் கேட்கவில்லை. பார்க்க லேசாக இருக்கும், ஓட்டினால் தெரியும். காரில் முன்சக்கரம் திரும்பும், இதில் பின்சக்கரம். அதனால் நாம் ஒரு பக்கம் நினைக்க, வால் இன்னொரு பக்கம் வீசும். முதல் நாள் மூன்று பிளாஸ்டிக் கூம்புகளையும் ஒரு டிரம்மையும் சாய்த்தேன். சொல்லிக்கொடுக்கிற பையனுக்கு இருபத்தேழு வயது. "அம்மா, கழுத்தத் திருப்புங்க, கண்ணாடிய நம்பாதீங்க" என்று தொண்டை கட்டும்வரை கத்துவான். சரக்கு உயரமாக இருந்து முன்பக்கம் மறைந்தால், பின்பக்கமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். சரக்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துக்கொண்டு நகர வேண்டும், மேலே தூக்கிக்கொண்டு ஓடினால் வண்டியே கவிழும். இப்போது நான் ஒரு டன் சரக்கு அடுக்கிய பேலட் பலகையை இரும்பு அடுக்கின் மூன்றாவது தட்டில் ஏற்றி, பக்கத்துப் பெட்டியில் உரசாமல் இறக்கி வைக்கிறேன். முதல் தடவை அப்படி வைத்துவிட்டு இறங்கி, அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு உன் அப்பா இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது, இஞ்சின் சத்தத்தைக் கேட்டு ஏதாவது குறை சொல்லியிருப்பார்.

இனி பரிசத்துக்கு வருகிறேன். உன் பெரியம்மா எனக்கும் போன் செய்தார். "நீ எங்க இருந்தா என்ன, முதல் தட்ட எப்படியும் நான்தான தூக்கணும். நீ பின்னாலதான நிக்கணும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, புருஷனை இழந்தவள் மங்களத் தட்டைத் தொடக்கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நீயும் அதற்குத் தலையாட்டியிருக்கிறாய். சரி, கேட்கிறேன். முன்னால் நிற்கக்கூடாது, தட்டைத் தொடக்கூடாது, ஜாசின் வீட்டுச் சமையல்கட்டு ஓரமாக நின்று எட்டிப் பார்க்க வேண்டும் என்றால், அதற்காகவா நான் சோதனையை விட வேண்டும்? அங்கேயும் நான் இல்லை என்றுதானே எழுதி வைத்திருக்கிறீர்கள்? உன்னைப் பெற்றவள் கை ஆகாத கை, உனக்காகக் குலை சுமந்த கை ஆகாத கை என்றால், அந்த மங்களத்தை என்னவென்று சொல்வது?

ஆகவே நான் முடிவு செய்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை காலையில் நான் சோதனைக்குப் போகிறேன். நானும் நாட்காட்டியைப் பார்த்தேன், அன்றைக்கே மாலை நாலே முக்காலுக்கு இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது. சாப்பாட்டுக்குச் சொல்லியாகிவிட்டது என்பாய். மதியச் சாப்பாட்டை இரவுச் சாப்பாடாக மாற்றச் சமையல்காரருக்கு ஒரு போன் போதும். பெண் வீட்டாரிடம் காரணம் கேட்டால், "எங்கம்மாவுக்கு அன்னிக்கு ஃபோர்க்லிஃப்ட் டெஸ்ட்" என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். மாமாவையோ பெரியப்பாவையோ சொல்லச் சொல்லாதே. அதைக் கேட்டு அவர்கள் முகம் மாறினால், கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டது உனக்கும் அந்தப் பெண்ணுக்கும் நல்லது. மாறாமலும் இருக்கலாம். நாம் வெட்கப்படுகிற அளவுக்கு மற்றவர்கள் நம்மைப் பற்றி யோசிப்பதே இல்லை, இது இந்த வயதில் எனக்குத் தெரிந்துபோன விஷயம். தேறினால் சந்தோஷமாக வருவேன். தேறாவிட்டாலும் வருவேன், அடுத்து எப்போது என்று கேட்டுக்கொண்டு வருவேன். தட்டுகளை நீங்கள் கொண்டுவந்துவிடுங்கள், நான் மையத்திலிருந்து ராமு அண்ணன் காரில் நேராக ஜாசினுக்கு வருகிறேன். சேலை பையில் இருக்கும், மாற்ற நேரம் கிடைத்தால் மாற்றிக்கொள்வேன். கிடைக்காவிட்டால் அந்த வீட்டு வாசலில் எல்லாருடைய செருப்புக்கும் நடுவில் என் பூட்ஸையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவேன். அதை யாரும் எடுத்து ஓரமாக மறைத்து வைக்க வேண்டாம்.

நீ அனுப்பிய குடும்ப விவரத்தை லதாவிடம் சொல்லி ஒரு தாளில் அச்செடுத்தேன். இரண்டு இடத்தில் பேனாவால் அடித்துத் திருத்தியிருக்கிறேன். என் எழுத்து இன்னும் முத்தாகத்தான் இருக்கிறது. என் பெயருக்கு நேரே, தோட்டத் தொழிலாளி, துப்புரவுத் தொழிலாளி, ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி பெறுபவர் என்று எழுதினேன். அப்பாவின் பெயருக்கு நேரே, டிராக்டர் மெக்கானிக், பதினெட்டு வருட அனுபவம் என்று எழுதினேன். லெட்டர் இல்லை. நான் சாட்சி. அந்தத் தாளை மடித்து முதல் தட்டில், வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் வைக்கப்போகிறேன், பெண்ணைப் பெற்றவர்கள் கையில் அது போய்ச் சேர வேண்டும். அந்தத் தட்டை நான்தான் தூக்குவேன். நான் வரும்வரை அதை யாரும் உள்ளே எடுத்துப் போக வேண்டாம்.

உன் அம்மா